மாதிரிப் படகு செய்வோர் பலகை வெட்டும் முன்

வரைபடத்தைப் பார்த்து ரிமோட்டில் ஓடும் மரப் படகு செய்பவர்கள், குறுக்குச் சட்டங்களுக்கான (படகுக்கு விலா எலும்புபோல் நின்று வடிவம் தருபவை) கோடு பலகை போர்த்திய பின்னான வெளிப்புறத்தைக் காட்டுகிறதா, சட்டத்தின் விளிம்பையே காட்டுகிறதா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். வெளிப்புறமெனில், 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள பலகை பொருத்துவதற்கு, பலகை படியும் விளிம்பு முழுவதிலும் 2 மில்லிமீற்றர் குறைத்தே வெட்ட வேண்டும். இல்லையேல் படகு வரைந்ததைவிடப் பருத்துவிடும்.

எடைக் கணக்கே எல்லாவற்றிலும் முக்கியமானது என்பேன். அளவுத்திட்டம் 1:20 எனில் நீளம் 20 மடங்கு குறையும். எடையோ 20 × 20 × 20, அதாவது 8,000 மடங்கு குறையும். ஆகவே 16 தொன் எடையுள்ள படகின் மாதிரி, மோட்டார், பற்றரி, சுக்கானைத் திருப்பும் சேர்வோ அனைத்தும் சேர்த்து 2 கிலோகிராமாக இருந்தால்தான் நீர்க்கோடு, அதாவது நீர்மட்டம் படகைத் தொடும் கோடு, வரைபடத்திலுள்ள இடத்தில் அமையும். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்த அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை (அதைச் செய்ய எவருக்குத்தான் ஆசை வராது!) மாதிரியாக்க விரும்புவோருக்கும் இதே கணக்குத்தான்.

மேற்றளத்தை ஒட்டும் முன் உட்புறம் முழுவதும் நீர் ஊறாமல் தடுக்கும் எபொக்சிப் பிசின் பூசி, காய்ந்தபின் கிணற்றடித் தொட்டியில் மிதக்கவிட்டு, பற்றரியை முன்னும் பின்னும் நகர்த்திச் சமநிலை கண்ட இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கடல்நீரில் படகு சற்று உயர்ந்து மிதக்கும். ஓட்டி முடிந்ததும் சுழலித் தண்டையும் சுக்கானையும் நன்னீரால் கழுவுங்கள்.