ஆசிரியர் பயிற்சியின் முதல் ஒன்றரை மணி நேரம்: அறிமுகமும் குழுச் செயல்பாடுகளும்

நாற்பது ஆசிரியர்கள் உட்கார்ந்திருக்கும் அரங்கில் "ஒவ்வொருவராக எழுந்து பெயர், பள்ளி, பாடம் சொல்லுங்க" என்று ஆரம்பித்தால், ஆளுக்கு ஒன்றரை நிமிடம் என்றாலும் ஒரு மணி நேரம் காலி. பத்தாவது ஆள் பேசும்போதே பின்வரிசையில் செல்போன் வெளியே வந்துவிடும். குமரி மாவட்டத்தில் ஒரு வட்டார வள மையத்திலோ பள்ளியிலோ முதன்முறையாகக் கருத்தாளராக (பயிற்சி நடத்துபவராக) நிற்கப் போகிறவர்களுக்கு, அதற்கு மாற்றான ஒரு வழி இது. 40 பேர், காலை 9.30 முதல் 11 மணி டீ வரை என்று கணக்கு வைத்துக்கொள்வோம்.

முந்தைய நாள்

வேண்டியவை: ஏ4 தாள் 13 (நான்காகக் கிழித்தால் 52 துண்டு), சார்ட் 3, தடிமனான ஸ்கெட்ச் பேனா 6, பெயர் எழுத அட்டை 40, குண்டூசி, சாக்பீஸ் ஒரு பெட்டி, காகித டேப் 2 சுருள். செல்லோடேப் வேண்டாம். ஈரக்காற்றில் அது சுண்ணாம்புச் சுவரில் நிற்காது; பெயின்ட் சுவரில் ஒட்டினால் பெயின்டையும் சேர்த்து உரிக்கும், தலைமையாசிரியரின் முகம் மாறும்.

அடுத்து குழுச் சீட்டு. மாத்தூர் தொட்டிப்பாலம், பத்மநாபபுரம் அரண்மனை, திற்பரப்பு அருவி, வட்டக்கோட்டை என்று நம்ம ஊர்ப் படங்கள் எட்டு எடுத்து, ஒவ்வொன்றையும் ஐந்து துண்டாக வெட்டுங்கள். அடுக்கும் முறையில்தான் சூட்சுமம் இருக்கிறது. முதல் எட்டுச் சீட்டில் எட்டுப் படங்களிலிருந்தும் ஒவ்வொரு துண்டு வர வேண்டும். அடுத்த எட்டும் அப்படியே. ஒரே பள்ளியிலிருந்து சேர்ந்து வருகிறவர்கள் அடுத்தடுத்த சீட்டை வாங்கி, தாமாகவே வேறு வேறு குழுவுக்குப் பிரிந்துவிடுவார்கள். 37 பேர்தான் வந்தார்கள் என்றால் ஐந்து குழுவில் ஐந்து பேர், மூன்று குழுவில் நான்கு பேர். யாரையும் எழுப்பி இடம் மாற்ற வேண்டியதில்லை.

9.30 – வந்ததும் ஒரு வேலை

பேச்சிப்பாறைப் பக்கத்திலிருந்து வருகிறவர் பஸ்ஸை நம்பி வருகிறார், 9.30க்கு அரங்கு நிறையாது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட கையோடு ஒரு குழுச் சீட்டும் ஒரு துண்டுத் தாளும் கொடுங்கள். பெயரைப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதிக் குத்திக்கொள்ள வேண்டும். தாளில் ஒரே கேள்விக்குப் பதில்: "இந்த மாதம் என் வகுப்பில் எது ஓடவில்லை?" பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பெயர் கேட்டால் "எல்லாம் நன்றாகப் போகிறது" என்றுதான் வரும்.

9.50 – சடங்கு

தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்பு, நாளின் நேர அட்டவணை. பத்து நிமிடத்தில் முடியுங்கள். அதிகாரி வரத் தாமதமானால் காத்திருக்க வேண்டாம். அவர் வரும்போது நடக்கும் செயல்பாட்டின் நடுவே இரண்டு நிமிடம் பேசட்டும். பொன்னாடையை டீ இடைவேளைக்குத் தள்ளிவிடலாம்.

10.00 – தரையில் மாவட்டம்

ஆறு மீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு: களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில், கன்னியாகுமரி. ஒரு பக்கம் கடல், குளச்சலுக்கு ஒரு புள்ளி. மறுபக்கம் மலை, திருவட்டாருக்கும் பேச்சிப்பாறைக்கும் புள்ளிகள். டைல்ஸ் தரையில் சாக்பீஸ் தெரியாது, காகித டேப் ஒட்டுங்கள். பெஞ்சை நகர்த்த இடமில்லை என்றால் வராந்தா போதும்.

எல்லோரும் தங்கள் பள்ளி இருக்கும் இடத்தில் போய் நிற்கட்டும். அருகில் நிற்கிறவர்கள் மூன்று மூன்று பேராக ஐந்து நிமிடம் பேசட்டும்: பிள்ளைகள் வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள், பெற்றோர் காலையில் எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறார்கள்? பிறகு கடலோரத்திலிருந்து ஒருவர், ரப்பர் தோட்டப் பகுதியிலிருந்து ஒருவர், கேரள எல்லையோரத்திலிருந்து ஒருவர் எனப் பேசவிடுங்கள். விடியுமுன் ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் வீட்டுப் பிள்ளையும், வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளையும் ஒரே பாடநூலோடு உட்காருவதை அரங்கே கேட்கும். மதிய அமர்வில் நீங்கள் எடுத்துப் பேச வேண்டிய உதாரணங்கள் இவைதான், குறித்துக்கொள்ளுங்கள்.

10.15 – குழுவுக்குள் அறிமுகம்

இப்போது படத் துண்டைச் சேர்த்துக் குழுவாக உட்காரட்டும். இருவர் இருவராக, ஆளுக்கு மூன்று நிமிடம் பேட்டி. ஐந்தாமவர் ஒரு ஜோடியோடு சேர்ந்தால் ஆளுக்கு இரண்டு. எந்த வகுப்பு எடுக்கிறார், அண்மையில் எது பிள்ளைகளுக்குப் பிடித்தது, யாரிடமாவது என்ன கேட்க நினைக்கிறார். பிறகு பேட்டி எடுத்தவர் மற்றவரைக் குழுவுக்கு அரை நிமிடத்தில் அறிமுகப்படுத்த வேண்டும். அரங்கு முழுவதற்கும் சொல்லத் தேவையில்லை.

பந்து வீசுவது, ஓடிப் பிடிப்பது, வந்த உடனே பாடச் சொல்வதெல்லாம் வேண்டாம். சேலை கட்டியவர், முட்டுவலிக்காரர், ஓய்வு பெறப் போகும் சார் எல்லோரும் அந்த அரங்கில் இருக்கிறார்கள். ஒருவர் சங்கடப்பட்டு ஒதுங்கினால் அந்தக் குழு மதியம் வரை தளரும்.

10.30 – கேட்டு வரைதல்

குழுவில் ஒருவர் கையில் மட்டும் படம்: ஒரு செவ்வகம், அதன் மேல் விளிம்பில் முக்கோணம், உள்ளே இடது கீழ் மூலையில் சிறு வட்டம். அவர் திரும்பி உட்கார்ந்து சொல்லச் சொல்ல மற்றவர்கள் வரைய வேண்டும். முதல் சுற்று இரண்டு நிமிடம், கேள்வி கேட்கக் கூடாது. இரண்டாம் சுற்றில் வேறு படம், கேள்வி கேட்கலாம்.

"மேலே ஒரு முக்கோணம்" என்றதும் ஒருவர் செவ்வகத்துக்கு உள்ளே போடுவார், ஒருவர் கூரை போல் வைப்பார், ஒருவர் இடைவெளி விட்டு மிதக்க விடுவார். சிரிப்பு அடங்கியதும் கேளுங்கள்: எந்தச் சொல்லில் படம் மாறியது? கேட்க முடியாதபோது என்ன செய்தீர்கள்? நாளை வகுப்பில் எந்த அறிவுறுத்தலை மாற்றுவீர்கள்? விளையாட்டு நான்கு நிமிடம் என்றால் பேச்சுக்குப் பத்து நிமிடம் வேண்டும். புதியவர்கள் சறுக்கும் இடம் இதுதான்: கேள்வியைக் கேட்டுவிட்டு, அமைதி தாங்காமல் தாங்களே பதில் சொல்லிவிடுகிறார்கள். பத்து வினாடி வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள், யாராவது பேசுவார்கள்.

10.50 – துண்டுத் தாள்கள்

காலையில் எழுதியவற்றைக் கலந்து குழுவுக்கு ஐந்தாகப் பிரித்துக் கொடுங்கள். சுவரில் மூன்று சார்ட்: இந்தப் பயிற்சியில் பதில் கிடைக்கும், நம்மில் ஒருவரிடம் பதில் இருக்கிறது, இங்கே தீராது. குழுவே படித்து ஒட்ட வேண்டும். இடமாறுதலும் எமிஸ் பதிவும் (பள்ளி, மாணவர் விவரங்களை இணையத்தில் ஏற்றும் வேலை) மூன்றாவதில் போய்ச் சேரும். அதைப் பற்றி வாதாடாமல் அப்படியே விட்டுவிடுங்கள். இரண்டாவது சார்ட்டிலிருந்து மூன்று தாள்களை எடுத்து, பதில் வைத்திருப்பவர் யார் என்று கேட்டு, மதியம் ஆளுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கிவிட்டு டீக்கு விடுங்கள்.