போர் மோட்டார் ஓடையைக் குடிக்கிறதா? டேப், வாளி, கடிகாரம் வைத்துக் கண்டுபிடிக்கும் முறை

புதிதாக ஒரு போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டதும் நான் செய்த முதல் காரியம், இரவு முழுக்க மோட்டாரை ஓடவிட்டுக் காலையில் ஓடையைப் போய்ப் பார்த்தது. ஓடை கிணற்றிலிருந்து 400 மீட்டர் தள்ளி ஓடுகிறது. தண்ணீர் அப்படியே போய்க்கொண்டிருந்தது. "பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லை" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். அந்தச் சோதனை வெட்டிவேலை என்பது புரிய எனக்கு ஒரு வருடம் ஆனது. நீங்கள் அந்த வருடத்தை வீணாக்காமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கிணற்று மட்டம். இரும்பு டேப்பின் முதல் ஒரு மீட்டருக்குச் சாக்பீஸை நன்றாகத் தேய்த்துவிடுங்கள். நுனியில் சின்ன எடை ஒன்றைக் கட்டுங்கள். கேசிங் குழாயின் விளிம்பில் பெயின்ட்டால் ஒரு புள்ளி வைத்து, எப்போதும் அங்கேயே டேப்பைப் பிடியுங்கள். மெதுவாக இறக்கி, 12 மீட்டர் கோடு சரியாக அந்தப் புள்ளியில் வரும்போது நிறுத்தி, மேலே இழுங்கள். சாக்பீஸ் நனைந்த இடம் நிறம் மாறித் தெரியும். நனைந்த கோடு 0.64-ல் இருந்தால் நீர்மட்டம் 11.36 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. துடைத்து, தேய்த்து, இன்னொரு தடவை அளங்கள். இரண்டுக்கும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது தடவை. மோட்டார் கேபிள் தொங்கும் குழாயில் இதைச் செய்யாதீர்கள். என் முதல் டேப் அதில் சிக்கி இன்னும் உள்ளேதான் கிடக்கிறது.

அதனால், இறைக்கும் கிணற்றை விட்டுவிட்டுப் பக்கத்தில் சும்மா கிடக்கும் வேறொரு கிணற்றில் அளப்பது நல்லது. இறைக்கும் கிணறு மட்டம் இறங்கியதை எப்படியும் மிகையாகத்தான் காட்டும். குழாய்க்குள் தண்ணீர் நுழையும்போது ஏற்படும் அழுத்த இழப்பும் அதில் சேர்ந்துவிடுகிறது. 8 மணி நேரம் ஓடியதும் என் போரில் மட்டம் 2 மீட்டருக்கு மேல் இறங்கியது. 30 மீட்டர் தள்ளியிருந்த பழைய கிணற்றில் இறங்கியது 7 சென்டிமீட்டர்தான். மண்ணுக்குள் ஒரு புனலைக் கவிழ்க்காமல் வைத்தது போன்ற வடிவம் இது: நடுவில் செங்குத்து, போகப்போகத் தட்டை. மோட்டார் ஓட ஓடப் புனலின் விளிம்பு அகன்றுகொண்டே போகும். அது ஓடையைத் தொட்ட பிறகுதான் விஷயமே ஆரம்பிக்கிறது.

அதுவரை வரும் தண்ணீர் எங்கிருந்து? நீர்தாங்கி அடுக்கில் சேமித்து வைத்திருந்ததுதான். நல்ல மணலில் ஒரு கன மீட்டர் வடிந்தால் சுமார் 200 லிட்டர் கிடைக்கும். 1940-ல் சார்லஸ் தைஸ் என்ற அமெரிக்க நீரியலாளர் கணக்கை எளிமையாகச் சொல்லிவிட்டார்: கிணறு எடுக்கும் ஒவ்வொரு சொட்டுக்கும் ஈடாக ஒன்று சேமிப்பு குறையும், அல்லது உள்ளே வரும் நீர் கூடும், இல்லையென்றால் வெளியே போகும் நீர் குறையும். அந்த "வெளியே போகும் நீர்" பெரும்பாலும் ஓடையின் ஊற்றுதான். கோடையில் மழையே இல்லாமல் ஓடை ஓடுவது எதனால் என்று நினைக்கிறீர்கள்?

எத்தனை நாளில் தெரியும் என்பதற்கு ஒரு குறுக்குக் கணக்கு இருக்கிறது. தூரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கத்தை மணலின் சேமிப்புத் திறனால் (கன மீட்டருக்கு 200 லிட்டர் என்றால் 0.2) பெருக்குங்கள். அடுக்கின் கடத்துதிறனால் (தண்ணீரைத் தன் வழியே விடும் திறன், நாளுக்குச் சதுர மீட்டரில்) வகுங்கள். என் கணக்கில் 400 × 400 × 0.2 ÷ 200, அதாவது 160 நாள். அந்த நாளில், தொடர்ந்து இறைத்தால், மோட்டார் எடுப்பதில் ஏறத்தாழப் பாதி ஓடையின் பங்கு. 100 மீட்டர் தூரமென்றால் 10 நாளே போதும். தூரம் இரண்டு மடங்கானால் காலம் நான்கு மடங்கு. ஒரே இரவில் நான் எதைப் பார்த்திருக்க முடியும், சொல்லுங்கள்! பாறை வெடிப்பில் தண்ணீர் வரும் இடங்களில் மட்டும் இந்தக் கணக்கை நம்ப வேண்டாம்.

சரி, இப்போது ஓடை. சும்மா கண்ணால் பார்த்தால் ஏமாறுவோம், கோடையில் எந்த ஓடையும் குறையும். ஒரே நாளில் இரண்டு இடத்தில் அளந்து ஒப்பிட வேண்டும். கிணற்றுக்கு நேர் எதிரிலிருந்து மேலே ஒரு கிலோமீட்டர், கீழே ஒரு கிலோமீட்டர் என்று எடுத்துக்கொண்டேன். நடுவில் வாய்க்கால் பிரியவோ சேரவோ கூடாது. ஓடை ஒல்லியாக இருக்கும் நாளில் களிமண்ணால் குறுக்கே சின்னக் கரை போட்டு, ஒரு குழாயைச் செருகி, தண்ணீர் முழுவதும் அதன் வழியாகவே விழும்படி செய்யுங்கள். அதன் கீழ் 20 லிட்டர் வாளி. நிரம்ப எத்தனை விநாடி? ஐந்து தடவை அளந்து சராசரி எடுங்கள். முடிந்ததும் கரையைக் கலைத்துவிடுங்கள்.

மோட்டாரைத் தினமும் ஓட்ட ஆரம்பிக்கும் முன், மேல் வாளி 7 விநாடியில் நிரம்பியது, கீழ் வாளி 5½ விநாடியில். இடையில் மண் ஊறி ஊறிச் சேர்த்துக் கொடுத்தது விநாடிக்குச் சுமார் 0.8 லிட்டர். அடுத்த கோடையில் மேலே அதே 7. கீழேயும் 7. ஊறல் போன இடம் எனக்குத் தெரியும்: விநாடிக்கு 5 லிட்டர், தினமும் 8 மணி நேரம் என்று என் தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது.

வாளிக்கு வழியில்லாத பெரிய ஓடையென்றால், அடியில் துளை போட்ட மெல்லிய குழாயை ஓடைத் தரையில் அரை மீட்டர் இறக்கிக் காத்திருங்கள். குழாய்க்குள் மட்டம் ஓடையைவிட உயர்ந்து நின்றால் மண் ஓடைக்குத் தருகிறது. தாழ்ந்து நின்றால் ஓடைதான் மண்ணுக்குத் தருகிறது. மாதாமாதம் பார்த்தால் அது புரள்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

"என் போர் ஆழம், நடுவில் களிமண் இருக்கிறது, ஓடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை" என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். களிமண் தாமதப்படுத்தும், பாதிப்பைப் பரப்பும். பெரும்பாலும் முழுசாகத் தடுக்காது.

மோட்டாரை நிறுத்தினாலும் அளப்பதை நிறுத்தாதீர்கள். புனல் நிரம்பும் வரை ஓடையிலிருந்து இழுத்துக்கொண்டேதான் இருக்கும். நான் நிறுத்தி ஒரு மாதம் கழித்து அளந்தபோது, மேல் வாளிக்கும் கீழ் வாளிக்கும் வித்தியாசம் கால் விநாடிதான் வந்திருந்தது. நோட்டில் தேதி, மட்டம், வாளி விநாடியோடு மோட்டார் ஓடிய மணி நேரத்தையும் மறக்காமல் எழுதுங்கள். அந்த ஒரு விவரத்தைத்தான் நான் முதல் வருடம் எழுதாமல் விட்டேன்.