ஸ்டீயரிங் அதிர்கிறதா? கிருஷ்ணகிரி – தர்மபுரி சாலையில் லேன் அசிஸ்ட்டைக் கையாளும் விதம்

ஸ்டீயரிங் அதிர்ந்ததும் முதலில் மீட்டரைப் பாருங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவே கார் இருப்பதுபோல ஒரு படம் தெரியும். அதில் ஒரு பக்கக் கோடு நிறம் மாறி மின்னினால், கார் தன் லேனை விட்டு விலகாமல் பார்த்துக்கொள்ளும் வசதியான லேன் அசிஸ்ட் எச்சரிக்கிறது என்று அர்த்தம். டயர் கோட்டை நெருங்கும்போது 'டர்ர்' என்று வந்து, காரை உள்ளே கொண்டுவந்ததும் நின்றுவிடும். படத்தில் மாற்றமே இல்லாமல் 80, 90 வேகத்தில் நடுங்கினால் கோளாறு சக்கரத்தில். பெரும்பாலும் பள்ளத்தில் விழுந்து, சக்கரம் சீராகச் சுழல ரிம்மில் பொருத்தும் பேலன்ஸிங் எடை கழன்றிருக்கும். பிரேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க்கைப் பார்க்கச் சொல்லுங்கள். டோல்கேட்டுக்கு முன்னால் குறுக்கே போட்டிருக்கும் தடித்த கோடுகளில் சீட்டும் சேர்ந்து அதிரும். அது சாலையின் வேலை.

உள்கண்ணாடிக்குப் பின்னால், முன் கண்ணாடியின் மேற்பகுதியில் இருக்கும் கேமராதான் கோட்டைப் படிக்கிறது. பெரும்பாலான கார்களில் சுமார் 60 கி.மீ. வேகத்துக்கு மேல்தான் இது விழிக்கும். பல கார்களில் மீட்டரில் கோடு பச்சையாக இருந்தால் தயார். வெள்ளையோ சாம்பலோ என்றால் கோடு அதன் கண்ணில் படவில்லை. இண்டிகேட்டர் போட்டுவிட்டு லேன் மாறினால் பேசாமல் இருக்கும். இண்டிகேட்டர் போடும் பழக்கம் இல்லாதவர்கள்தான் 'சும்மா சும்மா அதிருது' என்று ஷோரூமுக்குப் போகிறார்கள்.

மெனுவில் 'எச்சரிக்கை மட்டும்', 'திருத்தமும் சேர்த்து' என்று இரண்டு நிலைகள் இருக்கும். முதல் இரண்டு வாரம் எச்சரிக்கை மட்டும் போதும். அதிர்வின் அளவை மாற்ற முடிந்தால் நடுத்தரத்தில் வையுங்கள். குறைவாக வைத்தால், தார் பெயர்ந்த இடத்தில் எது எச்சரிக்கை, எது சாலை என்று பிரித்தறிய முடியாது. திருத்தத்தைப் போட்ட பிறகு ஸ்டீயரிங் மெல்ல இழுக்கும். பயந்து எதிர்த்துத் திருப்ப வேண்டாம். அந்த விசை சிறியது, சாதாரணமாகப் பிடித்தாலே உங்கள் கைதான் ஜெயிக்கும்.

கை வைத்திருந்தும் 'ஸ்டீயரிங்கைப் பிடியுங்கள்' என்று வந்தால், பல கார்களில் சென்சார் பார்ப்பது கையை அல்ல, கை தரும் திருப்பு விசையை. நேர் சாலையில் விசை இல்லாததால் கை இல்லை என்று நினைத்துக்கொள்கிறது. ஒரு கையின் எடையை லேசாக ஒரு பக்கம் சாய்த்தால் போதும். சென்சாரை ஏமாற்றத் தண்ணீர் பாட்டிலைச் செருகும் வித்தை உயிருக்கே உலை.

என்.ஹெச். 44-இல் கோடு தெளிவாக இருக்கும் நேர்ப்பகுதிகளில் இது நன்றாக வேலை செய்யும். சிக்கல் ஓரத்தில் வருகிறது. மாங்காய் சீசனில் டிராக்டர், எதிர்த்திசையில் வரும் டூவீலர் என்று எதற்காவது திடீரென ஒதுங்கினால், இண்டிகேட்டர் போட நேரமிருக்காது. அப்போது திருத்தம் காரைப் பழைய இடத்துக்கே இழுக்கப் பார்க்கும். உறுதியாகத் திருப்புங்கள், விட்டுவிடும். பாலம் வேலை நடக்கும் டைவர்ஷனில் பழைய கோடும் புதுக்கோடும் சேர்ந்து தெரியும். எதைப் பிடிப்பது என்று கேமரா குழம்பும். அங்கே அணைத்துவிடுவதே நல்லது.

தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர் கணவாயில் நுழையும் முன்பே லேன் அசிஸ்ட்டை அணைத்துவிடுங்கள், வேகத்தைத் தானே பிடித்துவைக்கும் குரூஸ் கண்ட்ரோலையும் சேர்த்து. வளைவு கூடினால் அதன் சிறிய விசை போதாமல் பாதி வளைவில் கைவிடும். பக்கத்தில் சரக்கு லாரி இறங்கும்போது அந்த நொடி ஆபத்தானது. கீழ் கியரில் இறங்குங்கள், நியூட்ரல் கூடவே கூடாது.

கேமராவின் பார்வையை நாமே மறைப்பதும் உண்டு. ஃபாஸ்டேகையும் டேஷ்கேமையும் அதன் முன்னால் ஒட்டக் கூடாது. ஆயுத பூஜைக்குக் கண்ணாடியில் சந்தனம், குங்குமம் வைப்பவர்கள் மேல்நடுப்பகுதியை விட்டு வையுங்கள். டேஷ்போர்டில் பளபளக்கும் சாமி சிலை கண்ணாடியில் பிரதிபலித்தாலும் தொந்தரவுதான்.

முன் கண்ணாடி மாற்றினால் கேமரா காலிப்ரேஷன், அதாவது அதன் பார்வையை மறுபடி சரியாக அமைப்பது, கட்டாயம். செய்யாவிட்டால் லேன் நடுவே ஓட்டும்போதும் ஒரு பக்கம் மட்டும் அதிரும். கண்ணாடியைத் தொடவே இல்லை, ஆனாலும் கார் ஒரு பக்கம் இழுக்கிறது என்றால், முதலில் காலையில் டயர் சூடாகும் முன் காற்றழுத்தம் பாருங்கள். அளவு டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். அது சரியாக இருந்தால் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்ப்பது. முடிந்ததும், ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று அளக்கும் ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சாரை ரீசெட் செய்யச் சொல்லிக் கேளுங்கள். கேமராவில் கை வைப்பது அதற்கு அப்புறம்தான்.