பட்டாளத்து அப்பாவுக்கு மறதி நோய்: அம்மாவுக்கு உதவுகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்குப் போய்வந்த ஆள் இல்லாத ஊர் குறைவு. கணியம்பாடி அருகே கம்மவான்பேட்டையைப் பட்டாளத்து ஊர் என்றே சொல்வார்கள். அப்படியொரு வீட்டில் பெரியவருக்கு டிமென்ஷியா வந்தால் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் மனைவி, இல்லாவிட்டால் மருமகள். அவர்களுக்குத் துணை நிற்க வேண்டிய பிள்ளைகளும் உறவினரும் செய்யும் தவறுகள் இவை.

முதல் தவறு, பெங்களூரிலிருந்து ஒரு ஞாயிறு வந்துவிட்டு, "எங்கிட்ட நல்லாத்தானே பேசுறாரு" என்பது. வந்தவர் முன் ஒரு மணி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்து பேச இந்த நோயாளிகள் பலரால் முடியும். விறைப்பாகவே வாழ்ந்தவருக்கு அது இன்னும் எளிது. அந்தச் சோர்வும் எரிச்சலும் நீங்கள் கிளம்பியதும் அம்மா மேல் விழும். "பென்ஷன் பணத்தை இவ எடுத்துட்டா" என்பதும் நோயின் பேச்சுதான். வைத்த இடம் மறந்ததால் வருவது. அதை நம்பி அம்மாவிடம் கணக்குக் கேட்டுவிடாதீர்கள், அவர் மனம் விட்டுப்போகும். இரண்டு இரவு தங்கிப் பாருங்கள். பொழுது சாய்ந்த பிறகுதான் பலருக்குக் குழப்பம் கூடும்.

அடுத்தது மிலிட்டரி கேன்டீன் ரம். "பாவம், ஆசைப்படுறாரு" என்று மாதக் கோட்டாவை வாங்கி வைக்கிறார்கள். ஒருமுறை குடித்ததை மறந்து மறுபடி ஊற்றிக்கொள்வார். தூக்க மாத்திரையும் சேர்ந்தால் விழுந்து இடுப்பெலும்பு முறியும். அதற்காக, தினமும் குடித்துப் பழகியவரிடமிருந்து ஒரே நாளில் பாட்டிலைப் பிடுங்குவதும் ஆபத்து. இரண்டு மூன்று நாளில் நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம். எவ்வளவு குடிக்கிறார் என்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லி, மருந்தின் துணையோடுதான் நிறுத்த வேண்டும். வைட்டமின் பி1 தேவையா என்றும் கேளுங்கள்.

பேங்க் காவல் வேலைக்கு வாங்கிய லைசென்ஸ் துப்பாக்கி பீரோவில் இருந்தால், பூட்டி வைத்தது போதும் என்று இருக்காதீர்கள். காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குவது உங்கள் வேலை, அம்மாவுடையது அல்ல.

விடிகாலை 4 மணிக்கு "பரேடுக்கு நேரமாச்சு" என்று எழுந்தால், "நீங்க ரிட்டயர் ஆகி எத்தனை வருஷமாச்சு" என்று வாதாடுவதில் பயனில்லை. "டீ குடிச்சிட்டுப் போலாங்க" என்று சொல்லி, ஷூவையும் பாலிஷ் டப்பாவையும் கையில் கொடுத்தால் பலர் அமைதியாகிவிடுவார்கள். யூனிட்டுக்குக் கிளம்பிவிட்டவர் காட்பாடி ஜங்ஷனுக்கும் போகக்கூடும். சட்டைக் காலருக்குள் போன் நம்பரைத் தைத்துவிடுங்கள். தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டில் சொல்லி வையுங்கள். காணோம் என்றால் ஒருநாள் காத்திராமல் உடனே 112.

ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் கூடினால் "நோய் முத்திடுச்சு" என்று விட்டுவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சோடியம் குறைவு, புது மாத்திரை, சில வாரம் முன்பு தலையில் பட்ட அடி, கத்திரி வெயிலில் உடம்பு நீர்வற்றிப்போவது என எதுவும் காரணமாகலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியில் அவசரமாகச் சேர்த்தால் 48 மணி நேரத்துக்குள் அந்தத் திட்டத்தின் பாலிகிளினிக்குக்குத் தகவல் போக வேண்டும்; விட்டால் பில் பணம் கிடைப்பது சிக்கலாகும்.

பவர் பத்திரம் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பதும் தவறு. எழுதிக் கொடுத்தவர் சுயநினைவோடு முடிவெடுக்கும் நிலையை இழந்துவிட்டால் அது செல்லாது. நோயின் தொடக்கத்திலேயே பென்ஷன் கணக்கில் அம்மா பெயரைச் சேருங்கள். அப்பாவின் டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. என்னும் பென்ஷன் ஆணை, அம்மாவின் ஆதார் மூன்றிலும் அம்மாவின் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வேலூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் திருத்த வழி கேளுங்கள். வருடாந்திர வாழ்நாள் சான்றை நீங்களே முடித்துக் கொடுங்கள்.

"ஏதாச்சும் வேணும்னா சொல்லும்மா" என்றால் அம்மா கேட்கவே மாட்டார். மருந்து வாங்குவது இன்னார், வாரத்தில் இரண்டு இரவு கண்விழிப்பது இன்னார் என்று பிரித்துக்கொள்ளுங்கள். அம்மாவின் சுகரும் பிரஷரும் கடைசியாக எப்போது பார்த்தது என்று விசாரியுங்கள், இ.சி.எச்.எஸ். கார்டு மனைவிக்கும் உண்டு. அவர் மனம் சோர்ந்திருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-இல் தமிழிலேயே பேசலாம்.