இலக்கிய முகவர் ஒரு எழுத்தாளரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்? முதல் நாவல் எழுதியவர்களுக்கான செய்முறை

ஆங்கிலப் பதிப்புலகின் பெரிய பதிப்பகங்கள் பெரும்பாலும் எழுத்தாளரிடமிருந்து நேரடியாகப் பிரதி வாங்குவதில்லை. ஏஜென்ட் எனப்படும் இலக்கிய முகவர் வழியாகத்தான் போக வேண்டும். அவருக்கு மாதச் சம்பளம் போல எதையும் நீங்கள் தருவதில்லை. புத்தகத்தைப் பதிப்பகத்துக்கு விற்றால் உங்களுக்கு வரும் பணத்தில் வழக்கமாக 15 சதவீதம், மொழிபெயர்ப்பு மற்றும் வெளிநாட்டு உரிமைகளில் 20 சதவீதம் அவருடையது. விற்காவிட்டால் அவர் உழைத்த மாதங்களுக்குக் காசு கிடையாது. அதனால் "நன்றாக எழுதியிருக்கிறாரா?" என்பதோடு, "பதிப்பகங்களில் இதை வாங்கக்கூடிய எடிட்டர்கள் யார்?" என்றும் அவர் யோசித்தாக வேண்டும். கீழே உள்ள ஒவ்வொரு படியும் இந்த இரண்டாவது கேள்விக்கு நீங்கள் தரும் பதில்தான்.

படி 1: முடித்த பிறகே அனுப்புங்கள்

நாவல் என்றால் கடைசி வரி வரை எழுதித் திருத்தியிருக்க வேண்டும். பாதி நாவலை வைத்து ஒரு புதியவரை யாரும் ஏற்பதில்லை. அபுனைவு நூலுக்குப் பெரும்பாலும் நூல் திட்டமும் மாதிரி அத்தியாயங்களும் போதும். அளவும் முக்கியம்: பெரியவர்களுக்கான முதல் நாவல் 80,000 முதல் 1,00,000 வார்த்தைகளுக்குள் இருந்தால் நல்லது. 2,50,000 வார்த்தை என்று கண்டதுமே பலர் ஒதுக்கிவிடுவார்கள்.

படி 2: பொருத்தமானவரைத் தேடுங்கள்

உங்கள் நாவலைப் போன்ற நூல்களின் நன்றியுரைப் பக்கத்தைப் பாருங்கள். அங்கே பெரும்பாலும் முகவரின் பெயர் இருக்கும். துப்பறியும் கதைகளை மட்டும் விற்பவருக்குக் கவிதைத் தொகுப்பை அனுப்பிப் பயனில்லை. அவருக்கு அந்த வகை எடிட்டர்களைத் தெரியாது.

படி 3: க்வெரி கடிதம்

உங்கள் நாவலை முகவருக்கு அறிமுகப்படுத்தும் கடிதம் இது. ஒரு பக்கம்தான். கதையின் மையம், வகை, வார்த்தை எண்ணிக்கை, உங்களைப் பற்றி இரண்டு வரி. கூடவே, அண்மை ஆண்டுகளில் வந்த இரண்டு நூல்களைச் சொல்லி, அவற்றின் வாசகர்களுக்கு இது பிடிக்கும் என்று காட்டுங்கள். கடையில் எந்த அலமாரியில் வைப்பது என்பது முகவருக்கு உடனே பிடிபடும்.

புதியவர்கள் அதிகம் சறுக்குவது கதையைச் சொல்லும் இடத்தில். "அன்பையும் இழப்பையும் பேசும் நாவல்" என்று எழுதினால் அது ஆயிரம் நாவல்களுக்குப் பொருந்தும். "முப்பது வருடம் கலங்கரை விளக்கத்தைக் காத்தவர், தன் மகன் வரும் கப்பலுக்கு விளக்கேற்ற மறுக்கிறார்" என்று எழுதிப் பாருங்கள். ஆள் யார், சிக்கல் என்ன என்பது ஒரே வரியில் வந்துவிடுகிறது. இதே வரியைத்தான் முகவர் நாளை எடிட்டரிடம் சொல்லப் போகிறார். அவருக்கு அந்த வரியை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

படி 4: முதல் பக்கங்கள்

சிலர் முதல் ஐந்து பக்கம் கேட்பார்கள், பிரிட்டனில் பலர் முதல் மூன்று அத்தியாயங்களும் கதைச்சுருக்கமும் கேட்பார்கள். கேட்டதை மட்டும் அனுப்புங்கள். முகவரின் வேலை நேரம் ஏற்கெனவே இருக்கும் எழுத்தாளர்களுக்கே போய்விடுகிறது. புதியவற்றைப் பெரும்பாலும் மிச்ச நேரத்தில்தான் படிக்கிறார். கனவிலிருந்து விழிப்பது, பாத்திரத்தின் பிறப்பு முதல் வரலாறு சொல்வது போன்ற தொடக்கங்களில் அவர் நின்றுவிடக்கூடும். அவர் தேடுவது ஒரு தனிக் குரலை. கதையமைப்பில் உள்ள குறையைச் சேர்ந்து சரிசெய்யலாம், குரலை யாரும் எழுதித் தர முடியாது. அதனால் இந்தப் பக்கங்களுக்கு எவ்வளவு நேரம் செலவிட்டாலும் தகும் என்பேன்.

படி 5: காத்திருப்பு

பல முகவர்களுக்கு ஒரே சமயத்தில் அனுப்பலாம், அது வழக்கம்தான். மறுப்பு வந்தால் எழுத்து மோசம் என்று பொருளில்லை. அவரிடம் அதே போன்ற நாவல் ஏற்கெனவே இருக்கலாம். இரண்டையும் ஒரே எடிட்டரிடம் கொண்டுபோக முடியாது. முதல் பக்கங்கள் பிடித்த முகவர் முழுப் பிரதியைக் கேட்பார். யாருமே அப்படிக் கேட்கவில்லை என்றால் கடிதத்தையும் முதல் பக்கங்களையும் திருத்துங்கள். முழுதாகப் படித்த பிறகு பலர் மறுத்தால் நடுப்பகுதியையும் முடிவையும் பாருங்கள்.

படி 6: அழைப்பு வந்தால்

பிடித்திருந்தால் முகவர் பேசக் கூப்பிடுவார். திருத்தங்களை எப்படி எதிர்கொள்கிறீர்கள், அடுத்து என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்பார், ஏனென்றால் அவர் ஒரு புத்தகத்தோடு நின்றுவிட நினைப்பதில்லை. நீங்களும் கேளுங்கள்: எந்தப் பதிப்பகங்களுக்கு அனுப்புவார், என்ன மாற்றம் வேண்டும், ஒப்பந்தத்திலிருந்து விலகுவது எப்படி. படிப்பதற்குக் கட்டணம் கேட்பவரை உடனே விட்டுவிடுங்கள். நேர்மையான முகவர் அப்படிக் கேட்க மாட்டார்.

அங்கேயே சரி என்று சொல்லிவிடாதீர்கள். பிரதியை வைத்திருக்கும் மற்ற முகவர்களுக்குத் தகவல் சொல்லி இரண்டு வாரம் அவகாசம் கொடுங்கள். அதன் பிறகு கையெழுத்திடலாம்.