கல்லில் எண்ணிக்கை மட்டும்தான் இருக்கிறது, பெயர்களை எங்கே தேடுவது?

அம்மாவின் ஊர் திருத்தணிப் பக்கம். அங்கே சாவடிச் சுவரில் ஒரு சின்னக் கல் பதித்திருக்கிறது. இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் 1914-1919 பெரும் போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் நாலு வரி, அவ்வளவுதான். அதே அச்சில் வார்த்த வாசகம் தமிழ்நாட்டில் இன்னும் பல ஊர்களில் உண்டு. வேலூர் மணிக்கூண்டில் 277 பேர் போனதாகவும் 14 பேர் இறந்ததாகவும் இருக்கும். எங்கேயும் பெயர் கிடையாது.

எங்கள் ஊர்க் கல் சொல்லும் ஆட்களைத் தேடி இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகள் போயின. அதில் பாதி வீண். அந்தப் பாதி உங்களுக்காவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். முதலிலேயே ஒன்று: இறந்தவர்களைத்தான் இந்த முறையில் கண்டுபிடிக்கலாம். போய்த் திரும்பியவர்களுக்கு வேறு வழி, அதைக் கடைசியில் தொடுகிறேன்.

முதல் படி: கல்லைச் சரியாகப் படியுங்கள்

சிரிக்காதீர்கள். எங்கள் ஊரில் பொங்கலுக்குப் பொங்கல் சாவடிக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது கல்லுக்கும் சேர்த்து அடித்துவிடுவார்கள். பிறகு யாரோ நல்ல மனசுக்காரர் எழுத்துகளின் மேல் கறுப்புப் பெயின்ட் தீட்டியிருக்கிறார். இறந்தவர்கள் எண்ணிக்கையில் அவர் தீட்டியது 8. நானும் எட்டுப் பேரைத் தேடினேன், மூன்று மாதம். அப்புறம் ஒருநாள் இருட்டிய பிறகு மொபைல் டார்ச்சைக் கல்லோடு ஒட்டி, பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தபோது பெயின்ட்டுக்கு அடியில் இருந்த செதுக்கலின் நிழல் விழுந்தது. இடது பக்கம் திறந்திருந்தது. அது 3!

வெளிச்சம் நேராக விழுந்தால் எதுவும் தெரியாது, சாய்வாக விழ வேண்டும். நாலு பக்கமிருந்தும் வெளிச்சம் போட்டு நாலு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கத்தியால் சுரண்டாதீர்கள், ஆசிட் பக்கமே போகாதீர்கள்.

இரண்டாம் படி: ஊரின் பழைய முகவரி

நான் முழுசாக விழுந்தது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

போரில் இறந்தவர்களின் பட்டியல் ஒன்று இணையத்தில் இருக்கிறது, அதை எப்படித் தேடுவது என்பது அடுத்த படியில். அதில் சிப்பாயின் ஊர் எந்தத் தாலுகா, எந்த ஜில்லா என்று எழுதியவர் அந்தக் காலத்துக் கணக்கில் எழுதியிருப்பார். நாம் இந்தக் காலத்துக் கணக்கில் தேடுவோம். திருத்தணி இன்றைக்குத் திருவள்ளூர் மாவட்டம். அது 1997இல் வந்த மாவட்டம், அதற்கு முன் செங்கல்பட்டு. ஆகவே 'செங்கல்பட்டு' என்று போட்டுத் தேடினேன். ஒன்றுமில்லை. பெரியவர்கள் 'நாமெல்லாம் வடஆற்காடு' என்பார்களே என்று அதையும் போட்டேன். ஒன்றுமில்லை. பட்டியலில் 'சித்தூர்' என்று வந்த வரிகளை எல்லாம் ஆந்திரா என்று நானே கழித்துக் கட்டியிருந்தேன். அங்கேதான் இருந்தார்கள் எங்கள் ஊர்க்காரர்கள். 1911இல் சித்தூர் ஜில்லா உருவானபோது வடஆற்காட்டிலிருந்து அந்தப் பக்கம் போன திருத்தணி, 1960இல்தான் தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்தது. போர் நடந்த வருடங்களில் நாங்கள் சித்தூர்க்காரர்கள்.

உங்கள் ஊருக்கும் இப்படி ஒரு கதை இருக்கும். கரூர் தாலுகா 1910 வரை கோயம்புத்தூர் ஜில்லா, அதற்குப் பிறகு திருச்சி. கிருஷ்ணகிரியும் தர்மபுரியும் சேலத்துக்குள் அடக்கம். எனவே ஒரு தாளில் உங்கள் ஊர் 1900, 1914, 1919 ஆகிய மூன்று வருடங்களிலும் எந்தத் தாலுகா, எந்த ஜில்லா என்று எழுதிக்கொள்ளுங்கள். 1900 எதற்கு என்றால், அப்போதே பட்டாளத்தில் சேர்ந்தவரின் பதிவில் பழைய ஜில்லாவே நின்றுபோயிருக்கலாம். பழைய மாவட்ட கெசட்டியர்கள் (ஒவ்வொரு ஜில்லாவின் விவரங்களையும் அரசாங்கம் தொகுத்த புத்தகங்கள்) தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கிடைக்கின்றன. அதில் இல்லாதவற்றுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம்.

மூன்றாம் படி: தரவுத்தளம்

போரில் இறந்த படையினரின் கல்லறைகளையும் பெயர்ப் பதிவுகளையும் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்துக்குப் போங்கள். இலவசம். முதல் போரில் இறந்த இந்தியர்கள் எழுபத்து நாலாயிரத்துக்கும் மேல் அதில் இருக்கிறார்கள்.

இரண்டு விஷயம். நம் ஆட்களில் பெரும்பாலோருக்கு ஒற்றைப் பெயர். அந்த ஒற்றைப் பெயரை அவர்கள் 'சர்நேம்' கட்டத்தில் போட்டிருக்கிறார்கள். 'ஃபோர்நேம்' கட்டத்தில் முனுசாமி என்று தட்டிவிட்டு யாரும் இல்லை என்று எழுந்து போகாதீர்கள். இன்னொன்று, நமக்குத்தான் பெயரே தெரியாதே? ஆகவே பெயரை விட்டுவிட்டு 'அடிஷனல் இன்ஃபர்மேஷன்' கட்டத்துக்குப் போங்கள். இன்னார் மகன், இன்ன ஊர், இன்ன தாலுகா, இன்ன ஜில்லா என்ற வரி இருப்பது அங்கேதான். அந்தக் கட்டத்தில் ஊர்ப் பெயரைப் போடாதீர்கள், தாலுகாவைப் போடுங்கள். படை என்ற இடத்தில் இந்திய ராணுவம், போர் என்ற இடத்தில் முதல் உலகப் போர். வருகிற முடிவு முழுவதையும் அப்படியே தரவிறக்கி ஒரு விரிதாளில் திறந்துகொள்ளுங்கள்.

ஊரை ஏன் போடக் கூடாது? எழுத்துக்கூட்டல்தான் காரணம். ஆங்கிலத்தில் 'சாமி' என்பதையே எஸ்-ஏ-எம்-ஐ என்றும், எஸ்-டபிள்யூ-ஏ-எம்-ஒய் என்றும், எஸ்-ஏ-டபிள்யூ-எம்-ஒய் என்றும் எழுதிய காலம் அது. ஊர்ப் பெயர்கள் இன்னும் மோசம். பாக்கமும் பேட்டையும் படும் பாட்டைச் சொல்லி முடியாது. கணினிக்கு அது புரியாது, உங்கள் காதுக்குப் புரியும். தாலுகா வரிகளை எல்லாம் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படியுங்கள், தமிழே தெரியாத ஒரு எழுத்தர் படிப்பதுபோல. நான் அப்படி ராகம் போட்டுக்கொண்டிருந்தபோது அடுப்படியிலிருந்து அம்மா, 'அது நம்ம ஊர்தானே?' என்றாள். கண்ணால் அதே வரியை நான் நாலு தடவை தாண்டிப் போயிருந்தேன்.

இந்த வேலைக்கு வம்சாவளி மென்பொருள் வாங்கச் சொல்லிப் பலர் எழுதுகிறார்கள். வேண்டாம். சாதாரண விரிதாள் போதும், லிப்ரே ஆபீஸ் கூடப் போதும். ஒரு பத்தி மட்டும் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்: 'எவ்வளவு நிச்சயம்?' உறுதி, இருக்கலாம், இல்லை. இந்தப் பத்தி இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் 'இருக்கலாம்' எல்லாம் தானாக 'உறுதி' ஆகிவிடும்.

அதேபோல, ஆங்கிலேயர்கள் தங்கள் ஊர்ப் போர்ச் சின்னங்களுக்கு எழுதும் வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றாதீர்கள். 1911 மக்கள்தொகைக் கணக்கில் வீட்டைப் பார், தேவாலயப் பதிவேட்டைப் பார் என்பார்கள். நம் கணக்கெடுப்பில் வீடுவாரித் தாள்கள் மிஞ்சவில்லை. பஞ்சாபுக்காவது போருக்குப் போனவர்களின் ஊர்வாரிப் பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்து, 2021இல் இணையத்துக்கு வந்தன. நமக்கு அந்த யோகம் இல்லை.

நான்காம் படி: பெயருக்குப் பக்கத்தில் இருப்பதைப் படிப்பது

படைப்பிரிவு, இறந்த தேதி, நினைவிடம். இந்த மூன்றும் சேர்ந்தால் கதை தானாக வரும். 61ஆவது பயனியர் (ரோடு போடுவது, பள்ளம் வெட்டுவது போன்ற வேலைகளும் செய்த காலாட்படை) அல்லது 63ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி, தேதி 1914 நவம்பர் 4 என்றால் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா சண்டை. பாஸ்ரா நினைவுச் சின்னம் என்றால் மெசபட்டோமியா, இன்றைய இராக். அங்கே இன்னொரு வயிற்றெரிச்சல்: அந்தச் சின்னத்தின் சுவரில் இந்திய அதிகாரிகளின் பெயர்கள்தான் பொறிக்கப்பட்டன, சிப்பாய்கள் படைப்பிரிவுக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கையாகவே நின்றார்கள். நம் சாவடிக் கல்லிலும் எண், பாஸ்ராவிலும் எண். பெயர் இருந்தது காகிதப் பதிவேட்டில் மட்டும்.

பதவியையும் பாருங்கள். சாப்பர் (பாலம், பதுங்குகுழி கட்டும் பொறியியல் படையின் சிப்பாய்) என்றால் பெரும்பாலும் மெட்ராஸ் சாப்பர்ஸ், இன்றைக்கும் பெங்களூரில் இருக்கும் 'தம்பி'கள். பயனியர் பிரிவுகள் 1933இல் கலைக்கப்பட்டுவிட்டன, விசாரிக்க வாரிசுப் படை இல்லை. 'ஃபாலோயர்' என்றிருந்தால் தண்ணீர் சுமந்தவர், சமைத்தவர், கழுதை ஓட்டியவர் என்று யாராகவும் இருக்கலாம். அவர்களையும் கல்லின் கணக்கில் சேர்த்தார்களா என்பது ஊருக்கு ஊர் மாறும்போல. எங்கள் மூன்றில் ஒருவர் ஃபாலோயர்.

ஐந்தாம் படி: ஊருக்குள்

இதைக் கடைசியில் செய்யுங்கள், பெயர் கையில் இருக்கும்போது. 'முதல் உலகப் போரில் உங்கள் வீட்டில் யாராவது இறந்தார்களா?' என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்பார்கள். 'பட்டாளத்தார் வீடு எது? கப்பலேறிப் போய்த் திரும்பாதவர் யாராவது உண்டா?' என்று கேளுங்கள்.

அப்புறம், கல் இருக்கும் தெருவோடு நிற்காதீர்கள். சாப்பர்ஸிலும் பயனியரிலும் சேர்ந்தவர்களில் ஆதிதிராவிடர்கள் ஏராளம். கல்லை ஊருக்குள் பதித்தார்கள், போனவர்களின் வீடு ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. நான் முதல் ஆறு மாதம் சாவடித் தெருவையே சுற்றிச் சுற்றி வந்தேன். காலனியில் முதல் நாள் கேட்டபோதே ஒரு பாட்டி உள்ளே போய் ஒரு வெண்கல வட்டத்தை எடுத்துவந்தார். உள்ளங்கையை விடப் பெரிது, கிட்டத்தட்ட 12 சென்டிமீட்டர். இறந்தவர்களின் குடும்பத்துக்கு அரசாங்கம் அனுப்பிய நினைவுத் தகடு அது. பதவி, படை எதுவும் இருக்காது, பெயர் மட்டும் எழுந்து நிற்கும். வருஷா வருஷம் விளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்ததில் பெயரின் பாதி மழுங்கிப் போயிருந்தது. மீதிப் பாதி என் விரிதாளின் வரியோடு பொருந்தியது.

வட்டத் தகடு இல்லாமல் பதக்கம் கிடைத்தால் விளிம்பைப் பாருங்கள், முகத்தை அல்ல. எண், பெயர், படைப்பிரிவு விளிம்பில்தான் அடித்திருக்கும். பதக்கம் வெள்ளியாக இல்லாமல் வெண்கலமாக இருந்தால் போலி என்று நினைக்காதீர்கள். தொழிலாளர் படைக்காரர்களுக்கும் சுமைகாரர்களுக்கும் வெண்கலத்தில்தான் கொடுத்தார்கள். போய்த் திரும்பியவர்களுக்கு நான் சொன்ன 'வேறு வழி' இந்தப் பதக்கங்கள்தான். தயவுசெய்து புளியை மட்டும் கொஞ்ச நாள் நிறுத்தச் சொல்லுங்கள்.

பின்சேர்க்கை 1: எழுதியதைப் படித்த ஒருவர், தன் ஊர்க் கல்லில் ஐந்து பேர், தரவுத்தளத்தில் ஏழு பேர் என்று குழம்பியிருந்தார். ஆணையம் 1921 ஆகஸ்ட் 31 வரை இறந்த படையினரைச் சேர்த்துக்கொள்கிறது, கல்லின் கணக்கோ 1919ஓடு முடிகிறது. தேதியைப் பாருங்கள் என்றேன். ஒருவர் 1920இல் இறந்தவர். ஏழாவது ஆள் இன்னும் புதிர்தான்.

பின்சேர்க்கை 2: 'எவ்வளவு தேடினாலும் கிடைக்கவில்லை' என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள். கிடைக்காமலே போகலாம். ஆப்பிரிக்க, ஆசியப் படையினர் பலருக்குச் சமமான நினைவு மரியாதை தரப்படவில்லை என்றும், குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லி நினைவுகூரப்படாமல் இருக்கலாம் என்றும் ஆணையமே 2021இல் ஒப்புக்கொண்டது. அவர்களில் அதிகம் பேர் கிழக்கு ஆப்பிரிக்கர்களும் எகிப்தியர்களும். ஆனாலும் அதற்கு முன்னால், ஜில்லாவை இன்னொரு தடவை சரிபாருங்கள்.

பின்சேர்க்கை 3: எங்கள் ஊர்க் கணக்கு இப்போது உறுதி இரண்டு, இருக்கலாம் ஒன்று. அந்த ஒன்றுக்குத் தகப்பன் பெயரும் தாலுகாவும் பொருந்துகின்றன. ஆனால் பதிவில் இருக்கும் ஊர்ப் பெயர் எங்களுடையதாகவும் இருக்கலாம், ஏரிக்கு அந்தக் கரையில் இருக்கும் ஊருடையதாகவும் இருக்கலாம். அங்கே சாவடி இடிந்துவிட்டது, கல்லை யாரோ எடுத்துப் போய்த் துணி துவைக்கப் போட்டிருப்பதாகக் கேள்வி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை டார்ச்சோடு போகிறேன்.