இரண்டு மலை, ஒரு நாள்: அறச்சலூரிலிருந்து ஒரு சைக்கிள் சுற்று

சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே ஒரு சின்னமலை இருக்கிறான் என்று தீரன் சின்னமலை மைசூருக்குச் சொல்லியனுப்பிய கதை கொங்கு நாட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்த இரண்டு மலைகளையும் ஒரே நாளில் தொட்டுவரும் வழி இது: அறச்சலூர், சென்னிமலை, சிவன்மலை, காங்கேயம், நத்தக்காடையூர், மீண்டும் அறச்சலூர். மொத்தம் 60 முதல் 70 கிலோமீட்டர். கியர் வைத்த சைக்கிளில் ஒரே மூச்சில் 20 கிலோமீட்டர் போய்ப் பழகியவர் துணிந்து கிளம்பலாம்.

முதலில் திசை

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றை மறந்துவிட்டு வழி போடாதீர்கள். முதல் தடவை நான் சென்னிமலையில் தொடங்கினேன். கடைசிக் கட்டமாக மாலையில் அறச்சலூரிலிருந்து மேற்கே திரும்பியபோது, சமதரையிலேயே மலையேறுவது போல மிதிக்க வேண்டியிருந்தது. இப்போது அறச்சலூரிலேயே தொடங்குகிறேன். காற்று எழும் முன்பே மேற்குப் பக்கத்தை முடித்துவிடலாம். மதியத்துக்கு மேல் காங்கேயத்திலிருந்து திரும்பும்போது அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். தைப்பூசத்தை ஒட்டிய நாட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். இரண்டு மலைக்கும் கூட்டம் அலைமோதும்.

முந்தின இரவு

சீட்டில் உட்கார்ந்து, கீழே இறங்கிய பெடலில் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். அதுதான் சரியான உயரம். சீட் தாழ்ந்திருந்தால் பாதி வழியிலேயே முழங்கால் பேச ஆரம்பித்துவிடும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவுக்குள் காற்று அடியுங்கள். மாற்று டியூப் இரண்டு, டயர் கழற்றும் நெம்புகோல், பஞ்சர் ஒட்டும் பொருட்கள், கைப்பம்பு, இரண்டு பாட்டில் தண்ணீர். இவ்வளவு போதும். விடிவதற்கு முன் கிளம்புவதால் விளக்கும் வேண்டும்.

ஏற்றம்

சென்னிமலை அடிவாரத்தில் இட்லியை முடித்துக்கொண்டு, சைக்கிளை மேலே விடுவார்களா என்று கேட்டுவிட்டு மலைப்பாதையில் ஏறுங்கள். விடவில்லை என்றால் 1320 படிகள் இருக்கின்றன. 1984-இல் இந்தப் படிகளில் இரட்டை மாட்டு வண்டி ஏறியது என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். மாடு எப்படி ஏறியிருக்கும்? அவசரப்படாமல்தான்.

புதியவர்கள் செய்யும் தவறு, மூச்சு முட்டிய பிறகு கியர் மாற்றுவது. செயின் இறுகியிருக்கும்போது மாற்றினால் கரகரவென்று கத்தும், சில நேரம் கழன்றே விடும். ஏற்றம் கண்ணில் பட்டதுமே முன்பக்கம் சிறிய பல்சக்கரத்துக்கும் பின்பக்கம் பெரிய பல்சக்கரத்துக்கும் வந்துவிடுங்கள். மாற்றும் அந்த நொடியில் மிதி லேசாக இருக்கட்டும். பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி. முடியவில்லையா, குறையுங்கள்.

இறங்கும்போது பிரேக்கைப் பிடித்தபடியே வராதீர்கள், சூடேறிவிடும். இரண்டு பிரேக்கையும் அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்துங்கள். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும்.

மேடு பள்ளம்

உண்மையில் ஆளை அசத்துவது மலை அல்ல, அதற்குப் பின் வரும் மேடு பள்ளங்கள்தான். சென்னிமலைக்கும் காங்கேயத்துக்கும் நடுவில் ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை, நொய்யல் குறுக்கிடும். பாலத்துக்கு இறக்கம், பாலம் தாண்டினால் ஏற்றம். இறக்கத்தின் வேகத்தை வீணாக்காமல் மிதித்துக்கொண்டே வந்து, ஏற்றத்தில் ஒவ்வொரு கியராகக் குறையுங்கள். ஆற்றில் தண்ணீர் கண்டால் முகம் கழுவ இறங்க வேண்டாம். திருப்பூர்ச் சாயக்கழிவைப் பல ஆண்டுகள் சுமந்த ஆறு இது.

காங்கேயத்தை நெருங்க நெருங்க வாய்க்கால் பாசனத்துப் பச்சை மறைந்து கொறங்காடுகள் என்னும் மேய்ச்சல் நிலங்கள் தொடங்கும். கொழுக்கட்டைப்புல், நடுநடுவே வெள்வேல மரங்கள், சுற்றிலும் முட்கிளுவை வேலி, உள்ளே காங்கேயம் மாடுகள். அழகுதான், ஆனால் முள் சாலைக்கும் வரும். பஞ்சரானால் டியூபை மட்டும் மாற்றிவிட்டுக் கிளம்பாதீர்கள். நான் அப்படிக் கிளம்பி அரைக் கிலோமீட்டரில் மறுபடி உட்கார்ந்தேன். டயரின் உட்புறம் முழுக்க விரல் நுனியால் மெல்லத் தடவிப் பாருங்கள். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே ரவை அளவு முள்முனை விரலை நெருடும். அதை வெளியே தள்ளிவிட்டுத்தான் புது டியூபை ஏற்ற வேண்டும்.

திரும்பும் வழி

சிவன்மலைக் கோயிலில், பக்தர் கனவில் முருகன் சொன்னதாகச் சொல்லும் பொருளை வைக்கும் உத்தரவுப் பெட்டியில் இப்போது என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள். காங்கேயத்தில் தேங்காய்ப் பருப்பு காயும் களங்களின் வாசனை மூக்கைத் துளைக்கும்; மதியச் சாப்பாட்டை அங்கேயே முடித்துக்கொள்ளலாம், பாதி வயிற்றோடு. வெயில் தாழ்ந்ததும் நத்தக்காடையூர் வழியாகக் கிளம்பினால், பொழுது சாய்வதற்குள் அறச்சலூர். காலில் தெம்பு மிச்சமிருந்தால் பக்கத்திலேயே ஓடாநிலையில் சின்னமலையின் மணிமண்டபம் இருக்கிறது. எனக்கு இதுவரை ஒரு தடவைதான் மிச்சமிருந்தது.